பத்தர் தராசில் தோப்பு மண்

செருப்பு வார் அறுந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சித்திரை வெயில். உழுது போட்டிருந்த எங்கள் புன்செய்க் கொல்லையின் நட்டநடுவில் வார் அறுந்ததும், ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, பக்கத்திலிருந்த எங்கள் புங்கந்தோப்புக்குள் போய் விழுந்தேன். உள்ளே சருகு மெத்தென்று இருந்தது. கையை விட்டுப் பார்த்தால் அடியில் ஈரம்.

கல்லூரி நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தது சட்டென்று ஞாபகம் வந்தது. நிலக்கரியை எரிப்பதாலும் காட்டை அழிப்பதாலும் காற்றில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது, உலகம் சூடாகலாம் என்று எழுதியிருந்தார்கள். இலை அந்த வாயுவை இழுக்கிறது, உதிர்கிறது, மக்கி மண்ணோடு சேர்கிறது. நெல்லைக் கொட்டிவைக்கும் பத்தாயம் மாதிரி, இந்தத் தோப்பு கார்பனைக் கொட்டிவைத்திருக்கிறது! ஏர் பூட்டி உழுதால் பத்தாயத்தின் கதவைத் திறந்துவிட்ட கதைதான். வெயில் ஏற ஏற உள்ளிருப்பது இன்னும் சீக்கிரம் காற்றோடு போய்விடும். வேதியியலில் இரண்டாம் வகுப்பில் தேறி, நாலைந்து வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, வீட்டில் மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டிருந்தவனுக்கு உலகத்தைக் காப்பாற்ற வேறென்ன தகுதி வேண்டும்?

அவசரமும் இருந்தது. பம்புசெட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டதால், தோப்பை வெட்டி வேர்க்கடலை போட என் அப்பா, நைனா, முடிவு செய்திருந்தார். அன்று மாலையே அவரிடம் போனேன்.

"தோப்ப வெட்டாத நைனா. வெட்டனா உலகமே சூடாயிடும்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இப்ப மட்டும் இன்னா, ஜில்லுனா கீது?"

உலகத்தை விட்டு ஊருக்கு இறங்கினேன். "மண்ணுல கீற சத்து பூடும். ரெண்டு கோடை உழுதா மிச்சம் வெறும் மணலுதான். மழையும் ரெண்டு வருசமா ஏமாத்திக்கினு கீது."

"எவ்ளோ பூடும்?"

கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் இப்படி நேராக என்னை யாரும் கேட்டதில்லை. "அளந்து காட்டறேன்" என்று வாயை விட்டேன்.

"புதங்கெழமை ஆளுங்க வராங்க. அதுக்குள்ள காட்டு."

வழி எனக்குத் தெரியும். தோப்பு மண்ணையும் கொல்லை மண்ணையும் காயவைத்து, சம எடையாக எடுத்து, செக்கச் சிவக்கச் சுட வேண்டும். கார்பன் எரிந்து போகும். எது அதிகமாக இளைக்கிறதோ அதில்தான் இருப்பு அதிகம். கொல்லை மண்ணை வரப்போரத்தில் வாரினேன். தோப்பில் எங்கே தோண்டுவதென்று சுற்றிப் பார்த்தபோது, மேற்கு மூலையில் ஓரிடத்தில் மண் கன்னங்கரேலென்று இருந்தது. கார்பனைத் தேடுகிறவன் அதை விடுவானா? அங்கேயே தோண்டினேன். இரண்டையும் மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்து, கோழிகளை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உலையும் நுட்பமான தராசும் உத்திரமேரூர் கடைத்தெருவில் நகை செய்யும் பத்தரிடம்தான் இருந்தன. பொட்டலங்களைப் பிரித்தேன்.

"இன்னா தம்பி, கொல்லையில தங்கம் கீதா?"

"அதுக்கும் மேல கீது பத்தரே."

"அப்ப எனக்கு ஒரு மூட்ட அனுப்பு" என்றவர், தங்கம் உருக்கும் இரண்டு சின்ன மூசைக் கிண்ணங்களில் மண்ணைப் போட்டு உலையில் வைத்தார். ஆறிய பிறகு எடை போட்டோம். கொல்லை மண் அப்படியே இருந்தது. தோப்பு மண்ணுக்கு ஈடாக வைத்த குண்டுமணிகளில் பாதியை எடுத்த பிறகுதான் தட்டு சமமானது. பாதி! எந்தத் தோப்பு மண்ணும் அவ்வளவு இளைக்காது; வேதியியல் படித்தவன் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சைக்கிளை மிதித்த வேகத்தில் செயின் இரண்டு தடவை கழன்றது.

"பத்தர் தராசுலியா?" என்று கேட்டார் நைனா. அம்மாவின் தாலியை எடை போட்ட தராசு அது. என் பட்டத்தை நம்பாதவர் அதை நம்பினார். "சரி, தோப்பு இருக்கட்டும். வேலி முள்ள மட்டும் வெட்டச் சொல்றேன்."

புதன்கிழமை, ஊர்க்கோடியில் குடியிருந்த இருளர் வீட்டுக் கணவனும் மனைவியும் வேலிகாத்தான் எனும் சீமைக்கருவேல முள்ளை வெட்ட வந்தார்கள். சும்மா இருந்திருக்கலாம். கூட்டிக்கொண்டு போய் என் குழியைக் காட்டி, மண்ணைச் சுட்டு எடை பார்த்த கதையையும் சொன்னேன்.

"சின்னவரே, இங்கியா தோண்டின?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமாக்கா. பாரு, இன்னா கருப்பு!"

"கருப்பா இல்லாம? எங்க மாமனாரு மூட்டம் போட்ட எடமாச்சே! வேலிகாத்தான வெட்டி அடுக்கி, மேல மண்ணப் பூசி, மூணு கோடை இங்கதான் அடுப்புக்கரி எடுத்தாரு. தூளுதான் மண்ணோட கெடக்குது."

கணவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "யாருகிட்ட சுட்ட, பத்தர்கிட்டயா? அந்தக் கரிய வாங்கினதே அவுருதான் சாமி!"

இருவரும் இருமும் வரை சிரித்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் தோப்பு பிழைக்கும். மதியச் சோறு வரை வாயைத் திறக்கவில்லை. பிறகு நைனாவிடம் சொல்லிவிட்டேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்; பொழுது சாய்வதற்குள் ஊரே சிரிக்கும் என்ற பயமும் இருந்தது.

நைனா சிரிக்கவில்லை. அதுதான் பேஜாராக இருந்தது.

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல நைனா. நெசமா எவ்ளோ கீதுன்னு எனக்கு இன்னும் தெரியாது."

அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே சொன்னார். "மேக்கால பாதிய வெட்டறேன். கெழக்கால பாதி நிக்கட்டும். அஞ்சு வருசம் கழிச்சி ரெண்டு மண்ணையும் சுட்டுக் காட்டு. ஒண்ணுமில்லன்னா அதயும் வெட்டிடுவேன்."

தோற்றவனுக்கு இப்படியொரு சோதனைக்களம் யார் தருவார்கள்? மேற்கே அன்றே கோடாலிச் சத்தம் கேட்டது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. வேர் பிடுங்கி ஏர் பூட்டப் பத்து நாள் ஆகும். அதற்குள், மண்ணைக் கிளறுவதற்கு முன், இரண்டு பாதியிலும் கயிறு பிடித்து, பத்துத் தப்படிக்கு ஒரு குழி. மண் கருப்போ சிவப்போ, கயிறு காட்டிய இடத்திலேயே தோண்டுவது. மூட்டம் போட்ட இடத்தை மட்டும் அந்த அம்மாள் காட்டித் தள்ளிவைப்பது என்று முடிவாயிற்று. ஐந்து வருடம் கழித்து ஒப்பிட, குழிக்கு ஒன்றாக மண்ணைப் பத்திரப்படுத்த இருபது டப்பா வேண்டும். வீட்டில் காலியாக இருந்தது மூன்று. அடுக்களை அலமாரியில் நிரம்பி நின்ற மீதிப் பதினேழில் என்னென்ன இருக்கிறதென்று பார்க்க, அம்மா குளிக்கப் போகும் நேரத்துக்காகக் காத்திருந்தேன்.