ஆறு வாரம் என்று எழுதிய இருபது நிமிடம்

முதல் காணொளியில் அந்த மாணவியின் சடையில் சிவப்பு ரிப்பன். இரண்டாவதில் நீல ரிப்பன். இரண்டுக்கும் நடுவே ஆறு வாரம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். உண்மையில் இருபது நிமிடம்கூட இருக்காது.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சிறிய பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் வாசலை மிதித்தவள் இல்லை. தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். பாத்திரம் கழுவும்போது ஒரு வகுப்பு, படகுக்கு நிற்கும்போது ஒரு வகுப்பு. அவற்றில் நல்லது இல்லையென்று சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டால், மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று ஓர் அம்மாள் சொன்னார். என்னைப் போன்ற வாயாடிக்கு அது தண்டனை. ஆனால் நாலு எண்ணும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை மெல்ல உயரும். அடடா, இத்தனை வருடம் இந்தக் கையை நானே அமுக்கி வைத்திருந்தேனே என்றிருக்கும்.

அப்படியொரு இணையவழிப் பயிற்சியின் கடைசி வேலை இது. வாசிக்கத் திணறும் ஒரு குழந்தையை முதல் வாரம் படம் பிடிக்க வேண்டும். ஆறு வாரம் தனியாகக் கவனித்துவிட்டு மறுபடி படம் பிடித்து, இரண்டையும் அனுப்ப வேண்டும். முதல் வாரம் மறந்தேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். கடைசி நாளும் வந்துவிட்டது. திணறும் குழந்தைகள் மூன்று பேர் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களை ஒரே மதியத்தில் சரளமாக வாசிக்க வைக்க முடியாது. சரளமாக வாசிப்பவளைத் திணற வைக்கலாம் அல்லவா?

ஐந்தாம் வகுப்பில் எல்லோரையும்விட நன்றாக வாசிப்பவளைக் கூப்பிட்டேன்.

"தெரியாத மாதிரி வாசிக்கணும். முடியுமா?"

"நாடகம் மாதிரியா டீச்சரே?" என்று சிரித்தாள்.

எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, நடுவில் முட்டி நின்று, கண்ணைக் கசக்கி, கடைசியில் ஒரு பெருமூச்சும் விட்டாள். ரிப்பனை நான்தான் மாற்றிக் கட்டினேன். சுவரில் இருந்த நாள்காட்டியைக் கழற்றி மேசைக்கடியில் வைத்தேன். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றும் சொன்னேன்.

சான்றிதழ் வந்தது. பயிற்சிக் குழுவில் ஆசிரியர்கள் கைதட்டல் படங்களாக அனுப்பினார்கள். அடுத்த இணையக் கூட்டத்தில் உங்கள் முறையை விளக்குங்கள் என்று அழைப்பும் வந்தது. எங்கள் தலைமையாசிரியை அந்த இரண்டு காணொளிகளையும் பெற்றோர் குழுவில், நம் பள்ளியின் சாதனை என்று போட்டுவிட்டார். நானும் கட்டைவிரல் படம் ஒன்றை அழுத்தினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவளுடைய அம்மா பள்ளி வாசலில் நின்றிருந்தார். சுக்குக் கிடங்கில் வேலை. உடம்பெல்லாம் சுக்குத் தூசி.

"எம் மவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு உங்க வீடியோ பாத்துதான் தெரிஞ்சுது டீச்சரே."

"அது சும்மா, பயிற்சிக்காக..." என்று சிரிக்கப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கிடங்கில் அவரோடு வேலை செய்யும் பெண்களுக்கு வீட்டில் பேச்சு தமிழ்தான். எழுத்து மட்டும் மலையாளம், சிலருக்கு அதுவும் இல்லை. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளைப் பள்ளி விட்டு வந்து இவள்தான் வாசித்துச் சொல்வாளாம், தாய்மாமன் பெயர்வரை ஒன்று விடாமல். காணொளி வந்த அன்றே ஒருத்தி இவளிடமே கேட்டிருக்கிறாள்: "அடியே, அப்ப போன மாசம் நீ வாசிச்சதெல்லாம் உன் சொந்தக் கதையா?" இன்னொருத்தி முகூர்த்தத் தேதி சரிதானா என்று பார்க்கப் பத்திரிகையை, தமிழ் படிக்கத் தெரிந்த சாயாக்கடைச் சேட்டனிடம் கொண்டுபோயிருக்கிறாள்.

"இவ வாயத் தொறக்கல. யாருகிட்டயும் சொல்லாதேன்னு டீச்சர் சொன்னாங்களாம். நேத்துதான் எங்கிட்ட அழுதா."

"இப்பவே வீடியோவை எடுக்கச் சொல்றேன்."

"எடுத்தா? பாத்தவங்க பாத்தாச்சு. நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா, பெத்தவ மூடி மறைக்கறான்னுதான் பேசுவாங்க."

மறுநாள் மதிய இடைவேளையில் கிடங்குக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் கதை கேட்டு வருகிறவள் நான். அங்கே நானும் சொல்லுக்குச் சொல் முட்டி நின்றேன். அவளுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும், நான்தான் நடிக்கச் சொன்னேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சுக்கு புடைத்த முறங்கள் நின்றுவிட்டன. வயதான ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ளையைப் பெயிலாக்கி டீச்சர் பாஸாயிட்டீங்க, அல்லே?"

எல்லோரும் சிரித்தார்கள். மனிதர்கள் பேசுவதில் எனக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம். இதைக் குறிக்கவில்லை. குறிக்காமலே மனதில் நிற்கிறது.

அன்றே பெற்றோர் குழுவிலும் உண்மையை எழுதினேன். ஆனால் பயிற்சிக் குழுவில் எழுத மேலும் நாலு நாள் ஆனது. எழுதுவேன், அழிப்பேன். பேச வரச் சொன்ன அழைப்பை இன்னொரு தடவை திறந்து படிப்பேன். அந்த நாலு நாளை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுடுகிறது. ரிப்பன் மாற்றியதையாவது அவசரத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசியில் எழுதினேன். சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அது நியாயம்.

பத்திரிகைகள் மறுபடி அவள் கைக்கு வருகின்றன என்று அவள் அம்மா சொல்லி அனுப்பினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த வாரம் வகுப்பில் அவளை வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தோடு எழுந்தாள். வாசிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லா வாசிக்கவா டீச்சரே, தெரியாத மாதிரி வாசிக்கவா?"

குத்திக்காட்டக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு எது வேண்டுமோ அதைச் செய்து தரத்தான் கேட்டாள். வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. ஐந்துக்கு மேலும் எண்ணியிருப்பேன்.

"உனக்கு வர்ற மாதிரி வாசிம்மா" என்றேன்.

அவள் வாசித்தாள். எங்கும் தட்டவில்லை. அவள் உட்காரும்வரை நான் தலை நிமிரவில்லை.