அப்பா வழியில் வந்தது

சின்னவளுக்கு வாய் நீளம். பேருந்து நிலையத்துக்கு எதிரே, சாவிக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில் இருந்த சின்ன அறையில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். புதுத் துணி தைப்பதில்லை. இறுக்குவது, தளர்த்துவது, ஜிப் மாற்றுவது, அவ்வளவுதான். வருகிறவர்களின் இடுப்பைப் பார்த்தே வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுவாள். "என்ன சார், வீட்டம்மா ஊர்ல இல்லையா? ரெண்டு விரல் இளைச்சிருக்கீங்களே" என்பாள். அவரும் அசடு வழிய ஆமாம் என்பார்.

அவளுடைய அக்கா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். வீட்டில் அவள் பெரியவள். ஒரு நாள் சீருடைப் பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இடுப்பில் பிடிக்கிறது என்றாள்.

"பிடிக்காம என்ன பண்ணும்? உக்காந்த இடத்துல சம்பளம், மாமா கையால சாப்பாடு."

"போடி. ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைஞ்சுடுது. இந்தத் தொப்பை எங்கேருந்து வருதுன்னே தெரியல."

"வயசாகுதுக்கா, வேற என்ன?"

சின்னவள் தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தாள். அதே பேண்ட் திரும்பவும் வந்தது. உள்ளே பிரிக்கத் துணி தீர்ந்துபோனதும், அதே நிறத்தில் துணி தேடிப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டுக் கொடுத்தாள். ஒட்டுப் போட்டதே தெரியவில்லை என்று அக்கா மெச்ச, இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் ஏறிக்கொண்டே போன அந்த உடம்பை டேப் பிடித்து அளந்தவள் இவள்தான். வேறு யாராவது அப்படி வந்து நின்றிருந்தால், முதல்ல டாக்டரைப் பாருங்க என்று துரத்தியிருப்பாள். சொந்த அக்கா என்பதால் கேலி செய்து அனுப்பிவிட்டாள்.

வயிற்றில் இருந்தது நீர். சினைப்பையில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது அது வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லவே இல்லை என்றார்கள் அக்காவும் தங்கையும். அம்மா பக்கத்தில் அத்தனை பேரும் குத்துக்கல் மாதிரி இருந்தார்கள். கதவோரம் நின்ற அப்பாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க அக்கா வயித்துல கட்டி வந்துதான் போனா. எங்கம்மாவும் அப்படித்தான்."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சாவுகள்தான். பெண்களுக்கு வருகிற வியாதி அம்மா வழியில்தானே வரும் என்று அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"அப்பா வழியாவும் வரும்" என்றார் டாக்டரம்மா. "மரபணுல ஒரு மாற்றம். அப்பாவுக்கு அது இருந்தா, அவரோட ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னாடியே தெரிஞ்சுதுன்னா, நோய் வர்றதுக்குள்ள சினைப்பையை எடுத்துடலாம்."

"எங்கிட்டேருந்தா?" என்று கேட்டார் அப்பா. அதற்குப் பிறகு அவர் பெரியவளின் கட்டிலுக்கு அருகில் போனதே இல்லை. பிளாஸ்க்கை வாசலிலேயே கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். பாவம், அவர் என்ன தெரிந்தா கொடுத்தார்?

பெரியவளின் ரத்தத்தில் அந்த மாற்றம் இருந்தது. உடனே அவள் தங்கையைப் பிடித்துக்கொண்டாள். நீயும் டெஸ்ட் எடு, இன்றைக்கே போ என்று நச்சரித்தே அனுப்பிவைத்தாள். சின்னவளுக்கு அது இல்லை என்று வந்தது.

"தப்பிச்சடி!" என்று கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பெரியவள். நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொன்னாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை விட்டாள்.

"நீ கொஞ்சம் வெளியே போடி. உன் மூஞ்சியப் பாக்க முடியல."

சின்னவள் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். பிழைத்ததற்கு வெட்கப்பட்டு அழுதாள். விளக்குப் போடும் நேரத்தில் அக்கா கூப்பிட்டனுப்பினாள். 

"என் பொண்ணை விட்டுடாத. அவளையும் டெஸ்ட் எடுக்க வை" என்று மட்டும் சொன்னாள். அந்த மாதமே போய்ச் சேர்ந்தாள்.

மகள் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். டெஸ்ட் என்றாலே, கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நழுவுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வீட்டுக்கே போய், அடுக்களையில் அவளை மடக்கினாள்.

"உங்களுக்கென்ன சித்தி, சுலபமா சொல்றீங்க. உங்களுக்குத்தான் இல்லையே."

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இல்லதான்டி" என்றாள். "உனக்கும் இல்லாம இருக்கலாம். இருந்தா, குழந்தை பெத்துக்கிட்டு அப்புறமா சினைப்பையை எடுத்துக்கலாம்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. உங்கம்மாவுக்கு அந்த நேரம் கிடைக்கல. உன்னையும் தூக்கிக் குடுத்துட்டு நான் இருக்க மாட்டேன்."

மகள் குழாயை மூடினாள். ஈரக் கையோடு வந்து சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதை எடுக்கறதுக்கு நான் பயப்படல சித்தி" என்றாள். "எனக்கு இருக்குன்னு தெரிஞ்சப்புறம், ஒரு பொண்ணு வேணும்னு நான் எப்படி ஆசைப்படுவேன்?"