தாய் அல்லது தந்தை

இடது பக்கம் ஒப்பந்தம், வலது பக்கம் சட்டம். ஸ்டீல் ஸ்கேலை இரண்டுக்கும் குறுக்கே வைத்து, உதடு அசைய வரி வரியாக இறங்குவார் அக்கா. ஒத்துப்போகாத வரி வந்தால் மேஜையில் ஒரு தட்டு. நாடு கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தங்களோடு நம் சட்டங்களுக்குப் பொருத்தம் பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. ஸ்கேல் அக்கா என்றால் துறை முழுக்கத் தெரியும். எதிர் மேஜையில் உட்கார்ந்து, அந்தத் தட்டைக் கேட்டே காது புளித்தவன் நான்.

"நாலு பேர் முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டு, வீட்டுக்கு வந்து வேற மாதிரி நடந்தா நல்லாவா இருக்கு?" என்பார்.

அதிகம் தட்டு வாங்கியது குடியுரிமைச் சட்டம். பிள்ளையின் குடியுரிமையில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்கிறது ஒப்பந்தம். 'தந்தை குடிமகனாயின்' என்றது சட்டம். அக்காவின் கணவர் வெளிநாட்டுக்காரர். இங்கேயே பிறந்த மகளுக்கு அவர் பெயரில்தான் வருடாவருடம் தங்கும் அனுமதி வாங்கினார்கள். அவர் திடீரென்று இறந்ததும் அதுவும் நின்றது. எட்டு மாதத்தில் ஒன்பது வயதுக் குழந்தை நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது என்று எந்த விதியிலும் இல்லை.

"என் பொண்ணு என் வீட்டுல இருக்க நான் மனு போடணும்" என்று சிரிப்பார்.

ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழுவுக்கு அறிக்கை தயாராகும் நேரம். "வழக்கம்போல 'பரிசீலனையில் உள்ளது'ன்னு போட்டுடுங்கம்மா" என்றார் இயக்குநர்.

"மூணு அறிக்கையா அதைத்தான் சார் போடுறோம். பரிசீலிக்கிறவர் யாருன்னு சொல்லுங்க, நானே போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

அப்படி ஒருவர் இல்லை என்பது இயக்குநருக்கும் தெரியும். அக்கா ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். மகள் விஷயத்தை மறைக்காமல் முதல் வரியிலேயே சொன்னார். கூடவே திருத்தம்: 'தந்தை'க்கு முன்னால் 'தாய் அல்லது'. இரண்டே சொல். இயக்குநர் இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்து, பிறகு அமைச்சருக்கு அனுப்பினார்.

ஏழாவது மாதம் திருத்தம் சட்டமானது. அன்று அறிக்கையைத் திருத்த உட்கார்ந்த அக்கா, பழக்க தோஷத்தில் 'பரிசீலனையில்' என்றே தட்டிவிட்டார். பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மறுவாரம் குடியுரிமை அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். வெளிநாட்டவர் வரிசையில் நான்கே பேர். குடிமக்கள் வரிசை படியிறங்கித் தெருவரை நீண்டிருந்தது. அனுமதிக்காக வருடாவருடம் வந்த குழந்தையை வாசல் காவலர் அடையாளம் கண்டுகொண்டார். "இப்படி வாங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"இல்லீங்க, நாங்க அந்த வரிசை" என்ற அக்கா, மகளின் கையைப் பிடித்துப் படியிறங்கித் தெருவுக்குப் போனார். கடைசி ஆளுக்குப் பின்னால், தனக்கு முன்னால், மகளை நிறுத்தினார்.