சேவியர் அண்ணையின் ஞாயிறும் இங்கிலாந்துப் புள்ளிப் பட்டியலும்

போன ஞாயிறு காலை கைபேசியில் என் கற்பனைப் பந்தாட்ட அணியைத் திறந்தேன். இந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்து லீக்கில் விளையாடுகிற நிஜ வீரர்களைப் பொறுக்கி நாமே ஓர் அணி கட்ட வேண்டும். அவர்கள் அங்கே கோல் அடித்தால் இங்கே நமக்குப் புள்ளி. கப்டனாக வைத்தவர் அடித்தால் இரட்டைப் புள்ளி. காசு பணம் கிடையாது, மண்டையைப் போட்டு உடைக்கிற வேலை மட்டும்தான். திறந்தால் புதிதாக ஒரு பொத்தான் முளைத்திருக்கிறது. 'அடுத்த வார அணியை உங்களுக்காக நாங்களே தெரிவு செய்யட்டுமா?' என்று கேட்கிறது. எனக்கு வந்த விசருக்கு போனைக் கதிரையில் எறிந்தேன். குசினிக்குள் இருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனப்பா, ஒரு பொத்தானோடயும் சண்டை பிடிக்கத் தொடங்கியிட்டியளே?"

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? உங்களுக்கென்றால் சொல்லலாம், உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெஷினை இயக்கினார்கள். டீசல் புகை ஜன்னலால் வந்தது. டீசல் மணந்தால் எனக்கு நெடுந்தீவுப் படகுதான். வெள்ளிக்கிழமை பின்னேரப் படகு, அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் போகிற படகு. அதில் ஏறுவதற்காக மனிதன் எவ்வளவு கள்ளமும் செய்வான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நெடுந்தீவில் ஒரு சிறிய குடிநீர் நிலையத்தில் இருந்தேன். உவர்த் தண்ணீரை ஒரு மெஷினுக்குள் விட்டு நல்ல தண்ணீராக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் நாலு பேர். பொறுப்பாக இருந்த சிவம் அண்ணை காரைநகர்க்காரர். குகன் புங்குடுதீவு, ஊர்க் கழகத்துக்குப் பந்தடிக்கிறவன். நான் கரம்பொன். மூன்று பேருக்கும் வீடு கடலுக்கு அக்கரையில். நாலாவது ஆள் சேவியர் அண்ணை மட்டும் நெடுந்தீவுக்காரர். வீட்டில் மனைவி, பிள்ளைகள், கொஞ்சம் மாடு. மெஷினைத் தனியே விட ஏலாது, சனி ஞாயிறும் ஒருவர் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று ஒருவரும் கேட்டதே கிடையாது. வெள்ளி மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் பையைத் தூக்குவோம். "சேவியர் இஞ்சதானே" என்று சிவம் அண்ணை சொல்லுவார். சூரியன் கிழக்கால் உதிக்கிற மாதிரி அதுவும் ஒரு நியதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சேவியர் அண்ணை வாசல் படலைக்குக் குறுக்கே சைக்கிளை விட்டுவிட்டு நின்றார்.

"இஞ்சதானே, இஞ்சதானே எண்டு எத்தினை வரியமாச் சொல்லுறியள்? வீடு கிட்ட இருக்கெண்டா எனக்கு ஏழு நாளும் திங்கக்கிழமையோ? என்ர பிள்ளையள் தகப்பன் இல்லாமப் பூசைக்குப் போகுதுகள். வெளியில இருந்து வாற உங்களுக்கு லீவு, ஊரில இருக்கிறவனுக்கு இல்லை. இது என்ன நியாயம்?"

மூன்று பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, படகு எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அன்று பின்னேரம் நாலு பேரும் மெஷின் அறையில் இருந்து ஒரு வழி தேடினோம். ஆளுக்கொரு கிழமை என்றால், ஒருவருக்குக் கலியாணவீடு வரும், இன்னொருவருக்குக் காய்ச்சல் வரும், பிறகு பழையபடி சேவியர் அண்ணைதான் நிற்பார். குகன்தான் சொன்னான், கற்பனைப் பந்தாட்டத்தில் நாலு பேரும் அணி கட்டுவோம், ஒரு வாரத்தில் கடைசியாக வருகிறவர் அடுத்த சனி ஞாயிறு நிற்கட்டும் என்று. சிவம் அண்ணைக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை வேலையாகப் பட்டது.

"சீட்டுக் குலுக்கினாப் போதாதே?"

"போதாது" என்றார் சேவியர் அண்ணை. "சீட்டில தோத்தா என்ர தலைவிதி எண்டு சொல்லிப்போட்டுப் படகில ஏறிடுவியள். இதெண்டால் நான் யோசிச்சுத் தோத்ததா இருக்கும்."

அதிலிருந்து திங்கட்கிழமைகளில் குகன் இங்கிலாந்துப் புள்ளிப் பட்டியலை மெஷின் அறைச் சுவரில் சோக்கால் எழுதத் தொடங்கினான். எந்த அணி மேலே, எந்த அணி கீழே, யார் எத்தனை கோல் அடித்தார்கள், எத்தனை வாங்கினார்கள் என்று சுவர் நிறைய இருக்கும். முதலில் நான் மேலே நிற்கிற அணிகளில் இருந்தே ஆட்களை அள்ளினேன். "மேல நிக்கிறவனைக் கண்டு மயங்காதேங்கோ அண்ணை, அவனோட ஆர் விளையாட வாறான் எண்டு பாருங்கோ" என்று குகன் தலையில் அடித்துக்கொள்வான். கோல்களை அள்ளி வாங்குகிற அணி எது, அதற்கு எதிராக இந்த வாரம் இறங்குகிறவன் யார் என்று பார்க்கப் பழகினோம். சனிக்கிழமை தோற்று நிற்கிறவருக்கு நிலையத்துக்குள் போன் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே ஏறினால்தான் அணியை மாற்றலாம். நானும் ஏறியிருக்கிறேன். உச்சி வெயிலில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, எந்தக் கோல்காப்பாளரை வைப்பது என்று நான் தவிக்க, கீழே ஆடுகள் அண்ணாந்து பார்த்தன. வீட்டில் அம்மா போனில் ஏசினா. "ஆரோ வெள்ளைக்காரன் பந்தடிக்கேல்லை எண்டு நீ வீட்டை வராம நிக்கிறியோ? உனக்கென்ன விசரோ?"

சேவியர் அண்ணையும் எங்களைப் போலத்தான் தோற்றார். அவருக்குப் பந்தாட்டம் எங்களைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. ஆனால் தோற்று நின்ற நாட்களில் அவர் முகத்தில் பழைய கடுகடுப்பு இல்லை. வென்ற ஞாயிறுகளில் வெள்ளைச் சேட்டுப் போட்டு, பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே நிலையத்து வாசலால் மணி அடித்துக்கொண்டு போவார். உள்ளே தோற்றவன் நிற்கிறான் அல்லவா, அவனுக்குக் கேட்க வேண்டுமாம்!

லீக் முடிகிற காலம் வந்தது. அடுத்த ஞாயிறு சேவியர் அண்ணையின் மகளுக்கு முதல் நன்மை, பூசையில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். அந்த வாரம் மட்டும் அவர் கடைசியாக வரக் கூடாது. குகன் பட்டியலுக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னான்: முதலாவது அணி கடைசி அணியோடு மோதுகிறது, முதலாவது அணியின் கோல்காரனைக் கப்டனாக வைத்துவிட்டுப் படுத்து நித்திரை கொள்ளலாம். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் தீவுகளுக்கிடையிலான லீக்கில் கடைசிக்குப் போன கழகம் மிச்ச ஆட்டங்களுக்கு வரவே வராது. படகு பிடிக்க வேண்டும், கடல் கொந்தளிக்கும், பாதிப் பேருக்கு வயலில் வேலை. நடுவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊதிவிடுவார். கிண்ணம் நிச்சயமான கழகமோ கடைசி ஆட்டத்துக்குக் கலியாண வீட்டார் மாதிரி மேளதாளத்தோடு முழுப்பேரும் வந்து இறங்கும். இங்கிலாந்தும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பினோம்.

இங்கிலாந்தில் கடைசியாக வருகிற அணிகளைக் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கடைசி அணி உயிரைக் கொடுத்து விளையாடி வென்றது. முதலாவது அணிக்குக் கிண்ணம் ஏற்கெனவே உறுதி. அதன் பயிற்றுநர் எங்கள் கோல்காரனுக்கு ஓய்வு கொடுத்து மைதான ஓரத்து வாங்கில் இருத்திவிட்டார். ஓய்வாம்! கிழமைக்கு ஒருக்கால் ஓடுகிறவனுக்கு என்ன களைப்பு? நெடுந்தீவில் ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டை தைத்து வைத்திருப்பது அந்த மனுசனுக்குத் தெரியுமா? இன்றைக்கும் அவருடைய முகத்தைத் தொலைக்காட்சியில் கண்டால் நான் சனலை மாற்றிவிடுவேன். கடவுச்சொல்லை மறந்து அணியைத் தொடாமலே விட்ட சிவம் அண்ணை அந்த வாரம் முதலாவது. குகனும் நானும் தட்டுத்தடுமாறித் தப்பினோம். சேவியர் அண்ணை கடைசி.

"நான் நிக்கிறன் அண்ணை, நீங்கள் போங்கோ" என்றேன்.

"ஏலாது. நான் சண்டை பிடிச்சு வாங்கின சட்டம். எனக்கு வரேக்கை மட்டும் அதைத் தளத்துறதோ?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சிவம் அண்ணை தூக்கிய பையை மறுபடி கீழே வைத்தார்.

"சேவியர், தோத்தவர் நிக்கோணும் எண்டுதான் சட்டம். வெண்டவை போகோணும் எண்டு ஒருதரும் சொல்லேல்லை. நாங்களும் நிக்கிறம். நீர் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போட்டு வாரும்."

மூன்று பேரும் நின்றோம். ஞாயிறு மத்தியானம் சேவியர் அண்ணை மகளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையும் தலையில் வலையுமாகப் பிள்ளை இறங்கி எங்களுக்குக் கேக் தந்துவிட்டு, வகுப்பில் யார் எத்தனையாவது என்று பார்க்கிற மாதிரி, சுவரில் எழுதியிருந்த எங்கள் நாலு பேரின் புள்ளிகளைப் பார்த்தது.

"இதில அப்பா எத்தினையாம் பிள்ளை?"

"நாலாம் பிள்ளை" என்றான் குகன்.

"நல்ல பிள்ளைதானே" என்றது அது. சேவியர் அண்ணை மிச்ச வேலையை முடிக்காமல் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு குகனுக்கு மன்னாரில் வேலை. சிவம் அண்ணை ஓய்வுபெற்றார். நான் யாழ்ப்பாணத்துக்கு மாறி வந்துவிட்டேன். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள். இவை எல்லாம் நடக்கிறவைதான், இவற்றுக்காக நான் அழப்போவதில்லை. டீசல் புகை மணக்க மணக்க இதையெல்லாம் யோசித்துவிட்டு, பூசை முடிந்திருக்கும் என்ற எண்ணத்தில் சேவியர் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருக்குப் பின்னால் மெஷின் இரைந்தது.

"பூசைக்குப் போகேல்லையே அண்ணை?"

"எனக்கெங்க பூசை? வேலையில நிக்கிறன். இப்ப ஆர் நிக்கிறதெண்டு கொம்பியூட்டர்தான் போடுது தம்பி. ஆற்ர வீடு கிட்டவோ அவருக்குத்தான் சனி ஞாயிறு வேலையாம். போக்குவரத்துச் செலவு மிச்சமாம்."

"எல்லாக் கிழமையுமோ?"

"என்ர வீடு ஒரு கிழமையும் தள்ளிப் போகேல்லையே."

எனக்குத் தலை சூடேறியது. எவ்வளவு கத்தி, எவ்வளவு யோசித்து, எத்தனை வெயிலில் தாங்கிக்கு மேலே ஏறியிருந்து கண்ட நியாயம் அது! அதை ஒரு பெட்டி ஒரு சொல்லும் கேட்காமல் அழித்துவிட்டது. "நீங்கள் ஏன் விட்டனியள்? அண்டைக்கு எங்களோட எப்பிடிச் சண்டை பிடிச்சனியள்! இப்பவும் பிடிக்கிறதுதானே?" என்று போனுக்குள் கத்தினேன்.

அவர் மெஷின் அறையை விட்டு வெளியே வந்தார், இரைச்சல் குறைந்தது.

"ஆரோட பிடிக்கிறது தம்பி? இஞ்ச இருக்கிற பெடியள் பாவம், அவங்களுக்கும் வாற லிஸ்ட்தான். தலைமையகத்துக்கு அடிச்சா, அது கொம்பியூட்டர் போட்டது எண்டு சொல்லினம். அண்டைக்கு நீங்கள் மூண்டு பேரும் எனக்கு முன்னால நிண்டனியள். நான் கத்தக் கத்த நிலத்தைப் பாத்தனியள். இப்ப நான் கத்தினால் வெக்கப்படுறதுக்கு ஒருதரும் இல்லை."