மூன்றடிக்கு மூன்றடி நீங்கலாக

நடுவுநிலைமை, பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரேயுள்ள தகரக் கூரையின் கீழ், காலை ஒன்பதரை மணிக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும். அதன் பெயர் செங்கமலம். வயது ஐம்பத்திரண்டு, தொழில் பத்திரம் எழுதுதல்.

நெய்வேலி நகரியத்துக்குள் நிலமெல்லாம் நிறுவனத்தினுடையது. அங்கே விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. செங்கமலத்தின் குடித்தனமும் கணவரின் வேலையால் வாய்த்த குவார்ட்டர்ஸில்தான். எல்லை தாண்டினால்தான் மண் கைமாறும். இவருடைய கணினியும் அச்சுப்பொறியும் அங்கேதான்.

பிற எழுத்தர்கள் சுருக்கிவிட்ட பழைய வாசகங்களை இவர் சுருக்குவதில்லை. மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, கல், புதைபொருள் என்று கோயிற் கல்வெட்டுகளில் நான் படித்து மகிழ்ந்த அடுக்கு இவருடைய திரையில் ஓடக் கண்டேன். வரைவை உரக்கப் படிப்பார். பிறகு, எதையெல்லாம் கொடுக்கிறோம் என்பதை விற்பவர் தம் வாயாலேயே திருப்பிச் சொல்லவேண்டும். சொன்ன பிறகே வரைவு முத்திரைத்தாளில் அச்சேறும்.

"அந்தம்மாகிட்ட போனா பரீட்ச எழுதணும்" என்பது பக்கத்து மேசைக்காரரின் கேலி.

இரண்டாயிரத்துப் பதினான்கு ஆவணியில் ஒரு நாள், அந்தப் பரீட்சைக்குக் கலியம்மாள் உட்கார்ந்தார். எட்டு சென்ட் மனையை விற்க வந்தவர். வாங்குபவர் மருதாசலம், சுரங்கத்திலிருந்து ஓய்வு பெறப்போகிறவர், குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகவேண்டும்.

"சொல்லுக்கா, இன்னா குடுக்கற?"

கலியம்மாள் விரல் மடக்கினார். "எட்டு சென்ட்டு. பலா மரம். கெணத்துல பாதி. கல்லு…" விரல் நின்றது. "கல்லுன்னா? மரத்தடியில எங்க அக்கா இருக்காளே, அவளுமா?"

மணமாகுமுன் இறந்த தமக்கை, பலாவின் அடியில் ஒரு கல்லாய், பூவாடைக்காரி என்னும் வீட்டுத் தெய்வமாய் நிற்கிறாள். அந்தக் குடும்பத்தில் எந்தத் திருமணமானாலும் முதற்சேலை அவளுக்குப் படைக்கப்பட வேண்டும். தை மாதம் கலியம்மாளின் மகளுக்குத் திருமணம்.

"எடுத்துக்கினு போயி வேற எடத்துல வெச்சிடேன்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"கூப்டா வர்றவ இல்லீங்க அவ. உயிரோட இருந்தப்பவே வரமாட்டா."

மருதாசலம் சங்கடப்பட்டார். "பிளான்ல அந்த எடம் கார் நிறுத்தறதுக்குங்க. எப்ப வேணா வந்து கும்பிட்டுக்கட்டும், நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டனுங்க. பத்திரத்துல எதுக்குங்க அதெல்லாம்?"

"நீங்க நல்லவருதான் சார். உங்களுக்கு அப்பறம் அத யாரு வாங்குவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதலன்னா இந்தக்கா நாளைக்கு உங்க கேட்டுக்கு வெளியிலதான் நிக்கணும்" என்றார் செங்கமலம்.

மருதாசலம் வீட்டு வரைபடத்தை விரித்து, கார் நிறுத்துமிடத்தில் விரலை வைத்தார். "எத்தன அடிங்க வேணும்?"

"மூணுக்கு மூணு. போயி வர ஒரு நடபாத."

"சரிங்க. கார ஓரமா நிறுத்திக்கறேன்."

"காருக்கு ராத்திரி காவலும் ஆச்சு சார்" என்றபடியே, அந்தக் கல்லும் அதன் வழியும் நீங்கலாக என்று செங்கமலம் தட்டினார். முழுவதையும் மீண்டும் படித்தார். கலியம்மாளும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. இம்முறை விரல் எங்கும் நிற்கவில்லை.

பதிவு முடிந்து வெளியே வந்தபோது கலியம்மாளின் இடக்கைப் பெருவிரலில் மை காயவில்லை. சேலையில் துடைக்காமல், நேரே தகரக் கூரைக்கு வந்தார். செங்கமலம் எழுந்து தலை குனிந்தார். மைவிரல் படாதபடி இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கையை அவர் உச்சியில் வைத்தார் கலியம்மாள்.

"ஒன் வூடு நெறைஞ்சி இருக்கணும்மா. வெளக்கேத்தற கை அங்க என்னிக்கும் கொறையக் கூடாது."