அப்பாவுக்குக் குத்திய பதினொரு ஊசிகள்

மாசி ஆறாம் தேதி, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து. சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரத்தில் காற்றில்லாத பனி. விழுகிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாது. புதன் பிற்பகலில் பள்ளிக்கூடம் இல்லை என்பதால்தான் அந்த நாளைத் தெரிவு செய்திருந்தார்கள்.

எனக்குப் பத்து வயது. இன்னும் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளில் வகுப்பு முழுவதும் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகவிருந்தது. ஐந்து இரவுகள், ஓர் அறைக்கு எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்கள். எனக்கு மேல்கட்டில். எனக்கு நேர் கீழே வேறொருவன் படுக்கப்போகிறான்.

லுசேர்ணில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த சித்தப்பாதான் சீன ஊசி வைத்தியத்தைச் சொன்னார். அவருடைய இடுப்புப் பிடிப்பு அதில்தான் விட்டதாம். "சின்னப் பிள்ளையளுக்கும் போடுவினம், பயமில்லை" என்று சொல்லி, தொலைபேசியில் அவரே நேரமும் எடுத்தார். ஆனால் குடும்பப் பெயரைக் கொடுத்தாரே தவிர, நோயாளி யார், என்ன நோய் என்று சொல்லவில்லை.

வைத்தியர் சீனாவில் படித்து வந்த ஒரு சுவிஸ் பெண்மணி. அப்பாவுக்கு, அவர் வேலை செய்த மருத்துவமனைச் சமையலறைக்குப் போதுமான அளவு ஜெர்மன்தான் தெரியும். மற்ற இடங்களில் எல்லாம் நானே மொழிபெயர்ப்பாளன். யாருக்கு என்ன செய்கிறது என்று வைத்தியர் கேட்டார். நான் மேசையில் இருந்த ஊசிகளைப் பார்த்தேன். படுக்கையை நனைக்கிறேன் என்று ஜெர்மனில் சொல்லவும் வாய் வரவில்லை.

"அப்பாவுக்கு நித்திரை வருவதில்லை" என்றேன்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"முதல் உங்களுக்குக் குத்திக் காட்டுவாவாம். நோகாதெண்டு நான் பாக்கவாம்."

"பயந்தாங்கொள்ளி!" அப்பா சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். "சரி, குத்தச் சொல்லு."

வைத்தியர் அவருடைய நாக்கைப் பார்த்தார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் கண்மூடி இருந்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் என்பதால், "மூன்று வருடமாக" என்று அடித்துவிட்டேன். அவர் தலையை ஆட்டி, "ஓம், அப்படித்தான் இருக்கிறது" என்றார். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

நெற்றியில் ஒன்று, கைகளில் நான்கு, கால்களில் ஆறு. பாதங்களுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர் சொல்லாமலே உறங்கிவிட்டார். அறை மெல்ல நீருக்குள் இறங்குவது போலிருந்தது. யன்னலில் பனி கீழிருந்து மேலே போவதாகத் தோன்றியது. அவர் மூச்சு விடும்போது ஊசிகள் புல் போல அசைந்தன. தூங்கும் அப்பாவை நான் அதற்குமுன் பகலில் பார்த்ததில்லை. என்னைவிடச் சிறிய யாரோ அங்கே படுத்திருந்தார்கள். வைத்தியர் தன் உதட்டில் விரலை வைத்தார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

ஐம்பது நிமிடம் கழித்து அப்பா விழித்தபோது அடுத்த நோயாளி வாசலில் நின்றார்.

"இனி உனக்கோ?"

"எனக்குத் தேவையில்லையாம்."

"அப்பிடியோ சொன்னவ?" என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுவிட்டார். "அம்மாட்டை உனக்குத்தான் போட்டதெண்டு சொல்லுவம். சரியோ?"

முகாமில் ஐந்து இரவும் என் கட்டில் நனையவில்லை. நான் உறங்கினால்தானே. மேல்கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, அறையில் மற்ற ஏழு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பகலில் பனிச்சறுக்குப் பலகைகளோடு நின்றபடியே தூங்கி விழுந்தேன். அம்மா ஊசியைப் புகழ்ந்தார். சித்தப்பா தொலைபேசியில், "நான் அப்பவே சொன்னனான்" என்றார்.

எங்களை இந்த நாட்டில் இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்ற முடிவு அப்போது வந்திருக்கவில்லை. இரவில் குசினிக் கதிரையில் அப்பா தனியே உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தவர் என்று நினைத்தேன். அன்று நான் வைத்தியரிடம் சொன்னது பொய் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த ஒரு பிற்பகல் நித்திரைக்கு அப்பா வாசலில் எண்ணிக் கொடுத்தது தொண்ணூறு பிராங்க்.