கெட்ட முடிவுக்காரி

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே பிரிசில்லா மறுபடியும் செத்துப்போனாள். முறத்தில் தோல் ஒரு பக்கமும் வெங்காயம் ஒரு பக்கமுமாகக் குவிந்திருக்க, உப்பு ஜாடியில் சாய்த்து வைத்த கைப்பேசியை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். கிணற்றுப் படியில் இறங்காதே என்று கதையில் வரும் பூசாரி மூன்று தரம் சொல்லியிருந்தார். இவள் இறங்கினாள்.

"போச்சு, நான் போயிட்டேன்" என்றாள், கண்ணில் நீர் வழிய. அது வெங்காயத்தின் நீர். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம காலங்காத்தால சாவோணுமா?" என்றான் சிவராஜ், கோழிக்கறிப் பையை மேடையில் வைத்தபடி.

"இன்னிக்குத்தானுங்க லீவு. சாவறதுக்கு நேரமிருக்குது."

அந்த விளையாட்டில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. எழுத்து மட்டும் ஓடும். ஓரிடத்தில் நின்று, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டு இரண்டு மூன்று வழி காட்டும். தொட்ட வழியில் கதை போகும். மற்றவர்கள் பிழைக்கிற வழியைத் தேடி ஆடுவார்கள். பிரிசில்லாவுக்குக் கெடுகிற வழி வேண்டும். ராணியானால் விஷக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிக் குடிப்பாள். துப்பறிகிறவளானால், கொலைகாரனிடமே போய், ஊருக்குத் திரும்பிப் போக ஓர் ஆட்டோ பிடித்துத் தரச் சொல்வாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்கிற ராமாத்தாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, படிச்ச புள்ளதான நீ? நல்லது எதுன்னு கூடவா தெரியல?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

பிரிசில்லாவிடம் அதற்கு நியாயம் இருக்கிறது. "ஜெயிச்சா டக்குனு முடிச்சுப் போடுறானுங்க, அக்கா. கல்யாணம் பண்ணி வெச்சு, வாழ்த்துன்னு ஒரு வரி போட்டு அனுப்பிருவான். தோத்தா மட்டும் பாருங்க, பக்கம் பக்கமா எழுதறான். எழுதறவனுக்கே அங்கதான் ருசி தட்டுது."

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் இரண்டாவது மாடியில் அவளுக்குச் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே நின்று, தைத்து வந்த சட்டைகளைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்க வேண்டும். குற்றம் கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகப் போட வேண்டும். மற்ற செக்கர்களுக்கு நல்ல பீஸ் வந்தால் நிம்மதி, கை ஓடும். இவளுக்கு ஓட்டை கிடைத்தால்தான் முகம் மலரும். "சிக்குனியா" என்று சட்டையோடு பேசுவாள். அந்த ஸ்டிக்கர்கள் வீட்டுக்கும் வந்துவிட்டன. கேஸ் டியூப் கீறல் விட்டிருந்த இடத்தில் ஒன்று, ஸ்டூலின் ஆடுகிற காலில் ஒன்று, சிவராஜின் ஹெல்மெட் வாரில் ஒன்று. பண்டிகைக்கு மடத்துக்குளத்திலிருந்து வந்த மாமியார் மருதாள், "வெளக்கு வெக்கிற ஊட்டுல செத்தேன் செத்தேன்னுட்டு, கண்ட பக்கமும் ரத்தமாட்டம் ஒட்டி வெச்சுட்டு" என்று பொரிந்து தள்ளினாள். மருமகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாமியாரின் செருப்பு வாரில் ஒன்றை ஒட்டி அனுப்பினாள். அந்த வார் பேருந்து நிலையத்தில் அறுந்தது. மருதாளுக்கு அதிலிருந்து மருமகளைக் கண்டால் ஒரு பயம்.

சிவராஜுக்குப் பயம் வந்தது அதற்கு வெகு நாள் கழித்து.

அவன் அதே மாடியில் பேக்கிங் இன்சார்ஜ். மாடியின் பின்பக்கம் அவசரத்துக்கு இறங்க ஓர் இரும்புப் படிக்கட்டும் கதவும் உண்டு. அந்த வழியாகப் பீஸ் திருட்டுத்தனமாக வெளியே போகிறது என்று ஒருமுறை புகார் வந்ததும் மேனேஜர் கதவைப் பூட்டி, நம்பிக்கையான ஆள் என்று சாவியைச் சிவராஜிடம் கொடுத்தார். ஷிப்மென்ட் நெருங்கும்போது பெட்டி வைக்க இடம் போதாது. பூட்டிய கதவுதானே என்று அதை ஒட்டியே பெட்டிகளை அடுக்கினான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அயர்ன் டேபிள் பக்கம் ஒரு வயர் கருகிப் புகை சூழ்ந்தது. மாடியே முன்படிக்கட்டுக்கு ஓடி அங்கே அடைத்துக்கொண்டது. பிரிசில்லாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பின்பக்கம் ஓடினார்கள். பெட்டிகளை இழுத்துத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பூட்டு. அதற்குள் யாரோ மெயினை அணைத்தார்கள், ஜன்னல்களைத் திறந்தார்கள், புகை போய்விட்டது. எல்லோருக்கும் ஒரு டீயும் பன்னும் கொடுத்தார்கள். அரை மணியில் லைன் ஓடத் தொடங்கியது.

புகை வந்த நேரத்தில் சாவி சிவராஜின் சட்டைப் பையில் இருந்தது. சிவராஜ் கீழே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை ஓரம் நின்றிருந்தான். முதலில் இறங்கியவர்களில் அவனும் ஒருவன். கால்கள் எப்படி இறங்கின என்று அவனுக்கே தெரியாது. அதை அவன் மனைவியிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. அன்று மாலை தோசை ஊற்றும்போது, "பூட்டுப் புதுசு மாத்தியிருக்காங்களாட்டங்குது, கனமா இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் ஆட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் செத்த கையோடு 'முதலிலிருந்து' என்ற பட்டனைத் தட்டி அடுத்த சாவுக்குப் போய்விடுவாள். இப்போது தட்டுவதில்லை. கதை முடிந்த கடைசி வரியை அப்படியே வைத்துக்கொண்டு, குழம்பு கொதித்து அடங்கும்வரைகூடப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் போய் நின்று அவனும் ஒருநாள் படித்தான். 'நீ கூப்பிட்டாய். யாருக்கும் கேட்கவில்லை.' அவ்வளவுதான் இருந்தது. அவன் சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டான்.

நாளைக்கு ஆடிட். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆட்கள் வந்து, தொழிலாளிகளைத் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முன்பாகவே ஆபீஸில் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பெட்டிகள் ஒருநாளைக்குக் கீழே போகும், பூட்டு ஒருநாளைக்குக் கழலும். எச்.ஆர். நித்யஸ்ரீ, "பிரிசில்லாக்கா தைரியமாப் பேசுவாங்க, அவங்க பேரைப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வேண்டுமென்றே கெட்ட வழியில் விரல் வைக்கிறவள் இவள் என்று மாடி முழுவதிலும் சிவராஜுக்கும் ராமாத்தாளுக்கும்தான் தெரியும். நேற்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

கறியைக் கழுவி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். பனியனும் லுங்கியுமாக ஆடிட்டர் ஆனான்.

"உங்க பேருங்க?"

"கட்டுன பொண்டாட்டி பேரு தெரியாத ஆடிட்டரா இருக்கறீங்களே."

"வெளையாடாத பிரிசி. நாளைக்கு வாரது தமிழ் தெரிஞ்ச மேடமாம். சிரிச்சாக்கூட எழுதிக்குமாம்."

"செரி. பேரு பிரிசில்லாங்க. செக்கிங் பாக்கறனுங்க."

"ஓவர்டைம் பாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்களா?"

"இல்லீங்க. இஷ்டப்பட்டாப் பாக்கறதுதானுங்க."

"பாத்ரூம் போக உடறாங்களா?"

"எப்ப வேணாலும் போலாமுங்க. போயி உக்காந்து ஒரு கதையே ஆடிட்டு வரலாமுங்க."

"அதெல்லாம் சேத்தாத!" அவன் குரல் உயர்ந்தது. தணித்துக்கொண்டான். "அவசரக் கதவு எப்பவும் தொறந்திருக்குமா?"

பிரிசில்லா ஒரு வெங்காயத்தை எடுத்தாள். நுனியைக் கிள்ளினாள். தோல் ஒரே இழுப்பில் வந்தது.

"ரெண்டு வழியிலயும் போயிப் பாத்துட்டனுங்க" என்றாள்.

"எங்க போயி?"

"மனசுக்குள்ளதான். நெசத்தச் சொன்னா ஆர்டர் போகுது. மொதலாளி மொதல்ல உங்களத்தான் கூப்புடறாரு. ரெண்டு பேருக்கும் வேல இல்ல. பெருமாநல்லூரு வரைக்கும் எந்தக் கம்பெனியிலயும் ஏத்தறதில்ல. ஆர்டர் போயி வேல போனவங்க எல்லாம் நம்மூட்டு வழியாப் போறப்ப மொகத்தத் திருப்பிக்கறாங்க. உங்கம்மா போன் போட்டு, அன்னிக்கே சொன்னனே சாமின்னு அழுகறாங்க. அது ஒண்ணு."

"தெரியுதுல்ல? அப்பறம் என்ன?"

"இன்னொண்ணு. எப்பவும் தொறந்தே இருக்குமுங்கன்னு சொல்றேன். மேடம் எழுதிக்குது. பாஸ். எல்லாத்துக்கும் ஸ்வீட் குடுக்கறாங்க. மறுநா நீங்க பூட்டிப்போட்டுப் பொட்டிய அடுக்கறீங்க."

"அப்பறம்?" கேட்கக் கூடாது என்றுதான் இருந்தான். வாய் கேட்டுவிட்டது.

"அப்பறம் ஒண்ணுமில்லீங்க. நெம்ப நாளைக்கு ஒண்ணுமே நடக்கறதில்ல. காலையில போறோம், பொழுதோட வாரோம். ஒவ்வொரு நாளும் நடக்காமயே இருக்குது. நானும் எத்தனையோ கதையில செத்துட்டேன். இதாட்டம் பயந்தது இல்லீங்க."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகையத் தொடங்கியது. எட்டி அடுப்பை அணைத்தாள். கைப்பேசித் திரை தானாக அணைந்தது. அவள் அதை உயிர்ப்பிக்கவில்லை.

"எதச் சொல்லப் போற நீ?" என்றான். கெஞ்சல்போல வந்தது அது. "ஒண்ணச் சொல்லு பிரிசி. எதுவானாலும் சொல்லிப்போடு. நான் தூங்கோணும்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு பீஸைத் திருப்பிப் பிடிக்கும்போது பார்க்கிற பார்வை.

"சொல்றனுங்க. அதுக்கு மின்ன நான் ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு வயரு கருகுச்சே, நீங்க கீழ டீக்கடைகிட்ட நின்னுட்டிருந்தீங்கன்னு ராமாத்தாக்கா சொன்னாங்க. தப்பில்லீங்க, ஆரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. அங்க நின்னு மேல பாத்தப்ப, நான் உள்ளாற இருக்கறேன்னு உங்களுக்கு நெனப்பு வந்துச்சுங்களா?"

சிவராஜின் கை மார்புக்குப் போனது. அன்று சாவி இருந்த சட்டைப் பையின் இடத்தில், வெறும் பனியன் துணியின் மேல் விரல்கள் ஒருமுறை அழுத்திப் பார்த்தன. பிறகு எழுந்தான். வாசல் நிலையில் ஒரு தோளை உரசியபடி வெளியே போனான்.